நெற்றியைத் தொட்டுப் பார்த்த வேலை

போன மாத ஆசிரியர் கூட்டத்தில் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஊரெல்லாம் காய்ச்சலா இருக்கறப்போ பிள்ளைங்கள விளையாட விடலாமா? விட்டா எப்படிப் பாத்துக்கறது?" மேடையில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். முப்பத்திரண்டு வருட வேலையில் அந்த ஒரு பாடத்தை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே தப்புச் செய்து கற்றுக்கொண்டேன். விளையாட்டுப் பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருக்கிற உங்களுக்கு அதை எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திரத்துக்கு, இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவசரகாலம் முடிந்திருக்கவில்லை. கெமாஸ் ரயில் சந்திப்பிலிருந்து உள்ளே தள்ளியிருந்த மேட்டுத் தோட்டத்துப் பள்ளியில் நான் டீச்சர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, கேட்டில் துப்பாக்கியோடு காவலர்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று பெண்களின் முந்தானையைக்கூட உதறிக் காட்டச் சொல்வார்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வேலிக்கு வெளியே எதுவும் தெரியாது.

அதற்கு மூன்று வருடம் முன்பே, பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போக ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் பெண் பிள்ளைகளுக்கான ரவுண்டர்ஸ் போட்டியை ஆரம்பித்தேன். மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு கம்பங்களைச் சுற்றி ஓடிவருகிற ஆட்டம், அதிகச் செலவில்லை. பக்கத்தில் இருந்த மூன்று தோட்டத்துப் பள்ளிகளையும் சேர்த்தேன், எங்களோடு நான்கு. நான்கு தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களுக்கும், ஆபீஸ் எழுத்தரான கிராணியை விட்டு இங்கிலீஷில் கடிதம் எழுதவைத்து, லோரியும் காவலுக்கு ஆளும் கேட்டு வாங்கியது நான். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம், கேட் சாத்துவதற்குள் வீடு. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் வருட இறுதி ஆட்டத்தில் கோப்பையைக் கொடுத்த துரை, இந்தப் போட்டியை நடத்தித் தந்ததற்காக நன்றி சொன்னது பிலோமினாவுக்கு. அடுத்த வருடத்திலிருந்து போட்டிப் பொறுப்பும் அவளிடம் போனது.

பிலோமினா ஆற்றங்கரைத் தோட்டத்து டீச்சர். நாங்கள் இருவரும் ராசா என்கிற சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது சந்து. அவள் கான்வென்ட்டில் படித்தாள், நான் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். சிரம்பானில் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைக்காது; அவளுக்கு யாராவது எழுந்து கொடுப்பார்கள். அவள் கேட்டு வாங்குகிறவள் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்காது. கேட்டு வாங்கினால் குறை சொல்லலாம்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அப்படியே. அவளுடைய பிள்ளைகளுக்குத் துரையின் மனைவி வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து வாங்கித் தந்தார். என் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடினார்கள். கூட்டம் போட்டு நான் ஒன்று சொன்னால், மற்ற இரண்டு பள்ளி வாத்தியார்களும், "பிலோமினா டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். மூன்று வருடமும் கோப்பை அவளுக்கே போனது. மூன்று தடவையும் நான் கைதட்டினேன்.

நான்காவது வருடம் எனக்கு அஞ்சலை கிடைத்தாள். பன்னிரண்டு வயது. மட்டையை அவள் சுழற்றுகிற வேகத்துக்குப் பந்து ரப்பர் மரங்களுக்குள் போய் விழும்; எதிர் அணிப் பிள்ளைகள் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் சுற்றி வந்து சேர்ந்துவிடுவாள். முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றாவது ஆட்டம் ஆற்றங்கரையோடு. இந்த வருடம் பிலோமினா கைதட்டுவதை நான் நின்று பார்க்கப் போகிறேன் என்று தூங்கும்போதுகூட நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ரயிலில் ஏறி வந்தது என்று கெமாஸில் சொன்னார்கள். உலகம் முழுவதும் பரவிய சளிக்காய்ச்சல் அது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காலையில் பெரட்டு வரிசையில் நின்று வேலைக்குப் பேர் கொடுத்தவர்கள் மத்தியானம் பால் வாளியை வைத்துவிட்டு மரத்தடியில் படுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரே வாரத்தில் இரண்டு லயத்துக்கு வந்துவிட்டது.

போட்டியை நிறுத்திவிடலாம் என்று துரைமார்கள் முடிவு செய்தார்கள். ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது பிலோமினா எழுந்து பேசினாள். இங்கிலீஷில்தான். எனக்குப் பாதி புரிந்தது. வெளியே வந்ததும் எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"ஆட்டத்த நிறுத்தினா பிள்ளைங்க என்ன செய்யும் சகு? வேலிக்குள்ள ஒரே லயத்துல ஒட்டி உக்காந்து ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் இருமிக்கிட்டு இருக்கும். அதுக்கு வெயில்ல, காத்துல நிக்கறது தேவல. நிறுத்தாம ஒழுங்கா நடத்தலாம்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க."

ஒழுங்கு என்று அவள் சொன்னதை அன்றைக்கே எழுதி நான்கு பள்ளிக்கும் அனுப்பினாள். கிளம்பும் முன் ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் வீட்டில் யாருக்காவது இருந்தால் அந்தப் பிள்ளை வரக்கூடாது. லோரியில் வழக்கமாக ஏற்றுகிறதில் பாதிப் பேர்தான். தார்ப்பாயைச் சுருட்டிவிட வேண்டும். எல்லாரும் ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பது கிடையாது. தண்ணீர் போத்தல் கொண்டுபோனால் கேட்டில் காவலர்கள் ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்ப்பார்கள் என்பதையும் யோசித்திருந்தாள். அதனால் பிள்ளைகள் வெறும் டம்ளரைக் கொண்டுபோக வேண்டும். ஆட்டம் நடக்கிற தோட்டம் வெந்நீர் ஆறவைத்துத் தரும். ஒன்பது பேர் தேறவில்லையா, ஏழு பேரை வைத்து ஆடுவது. தோற்றாலும் பரவாயில்லை.

எல்லாமே சரியான யோசனை. படித்ததும் எனக்கு அது தெரிந்தது. ஆனால் இதை நான் ஏன் எழுதவில்லை என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அடுத்து இன்னொரு நினைப்பு வந்தது: வீட்டில் காய்ச்சல் இருந்தால் வரக்கூடாது என்கிறாளே, மேட்டுத் தோட்டத்தில்தானே காய்ச்சல் அதிகம், ஆற்றங்கரையில் இன்னும் ஒருவருக்கும் இல்லையே. என் பிள்ளைகளைக் குறைப்பதற்குத்தான் இந்த விதி. இப்படி ஒரு நினைப்பை மனசுக்குள் ஒரு நாள் விட்டுவைத்தால் போதும், அதற்குச் சாட்சிகளைத் தானாகவே தேடிக்கொள்ளும். பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுத்தவர்கள்கூட எனக்கு அன்று சாட்சியாக வந்தார்கள்.

சனிக்கிழமை காலை அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வேலைக்குப் போகவில்லை. கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"என்னம்மா, ஒடம்புக்கு?"

"ஒன்னும் இல்லீங்க டீச்சர். மேலு வலிதான். ராத்திரி லேசா குளிருச்சு. பிள்ளை போகட்டும். ரெண்டு வாரமா இதையேதான் பேசிக்கிட்டு இருக்கா."

வாசலில் அஞ்சலை டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியைத் தொட்டேன். குளிர்ச்சியாக இருந்தது என்று நினைத்தேன். "வா, போலாம்" என்றேன்.

லோரி பக்கத்தில் எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் மருந்து கட்டுகிறவர், நிதானமான மனிதர். பிலோமினாவின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், இந்த ஒம்பது பிள்ளைங்க வீட்டுலயும் யாருக்கும் காய்ச்சல் இல்லதானே?"

அந்த இடம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவசரப்படுத்த யாரும் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது.

"எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

ஆற்றங்கரையில் பிலோமினா எங்களுக்கு எதிர்ப் பக்கத்தில் தன் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தாள். அடுப்பு மூட்டி வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. அவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அஞ்சலை கொஞ்சம் வாடியிருக்காளே. வீட்டுல நல்லா இருக்காங்களா?"

"நீ உன் டீமப் பாருலா. என் டீம நான் பாத்துக்கறேன்."

அவள் தலையாட்டினாள். தன் பிள்ளைகளிடம் போய்விட்டாள்.

ஜெயித்தோம். அஞ்சலைதான் ஜெயித்துக் கொடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் எங்கள் விதிகள் எல்லாவற்றையும் மறந்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். ஆற்றங்கரை அணியில் பந்து போடுகிற தவமணி, ஒல்லிப் பெண், அஞ்சலையின் டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். பிலோமினா ஓடிவந்து பிரித்துவிட்டாள். நான் ஓடவில்லை. அவள் தோற்றுப்போனதை அவள் முகத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே அது இல்லை. பிள்ளைகளைப் பற்றிய கவலைதான் இருந்தது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது லோரியில் அஞ்சலை என் தோளில் சாய்ந்தாள். ரவிக்கையைத் தாண்டி அவள் கன்னம் சுட்டது.

அஞ்சலைக்கு ஐந்து நாளில் சரியாகிவிட்டது. ஆற்றங்கரையில் அப்படி இல்லை. அந்த ஆட்டத்துக்குப் பிறகு அங்கே ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் படுத்தார்கள். பிறகு அவர்கள் வீடுகள். தவமணிக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு வாங்கியது. காவல் வண்டியோடு சேர்த்து அனுப்பி சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பால் வெட்ட ஆளில்லாமல் ஆற்றங்கரையில் பல மர நிரைகள் சும்மா நின்றன.

அந்தத் தோட்டத்துத் துரைக்குக் கோபம். பிலோமினாவின் பேச்சை நம்பித்தானே ஆட்டத்தை விட்டோம், அவளுடைய விதிகள் ஒன்றுக்கும் உதவவில்லை என்றார். போட்டிப் பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். எங்கள் துரை என்னைக் கூப்பிட்டு, கிராணியை வைத்துச் சொன்னார்: காய்ச்சல் தணிந்த பிறகு மிச்ச ஆட்டத்தை நடத்துவதென்றால் இனி நீதான் முழுப் பொறுப்பு. நீ நிதானமானவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நான்கு வருடமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. "சரிங்க துரை" என்றேன். ஆபீஸ் படிகளில் இறங்கும்போது என் கால் தரையில் படவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சிரம்பானில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்று சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி துவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து லோரி டிரைவர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். பிலோமினா எழுதியது. திட்டி எழுதியிருப்பாள் என்றுதான் பிரித்தேன்.

தவமணியின் நிலைமையை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அவள் எழுதியிருந்தாள்: நான் எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன் சகு. எங்கே என்று தெரியவில்லை. தண்ணீரை இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டிருக்க வேண்டுமோ? எங்கள் பிள்ளைகளில் யாருக்காவது முதல் நாளே இருந்து நான் கவனிக்கவில்லையோ? தினமும் அந்தத் தாளை எடுத்து வரி வரியாகப் பார்க்கிறேன். நீயும் அங்கே இருந்தாயே, உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? தோன்றினால் எழுது. அடுத்து நடத்தப் போவது நீ. உன் பிள்ளைகளுக்காவது இது நடக்கக்கூடாது.

அந்தக் கடிதத்தை நான் நான்கு நாள் வைத்திருந்தேன். உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று உங்களுக்கு எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. முதல் நாள், பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்; "எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை" என்று எழுதிக் கிழித்தேன். இரண்டாவது நாள் வேறு ஒரு பொறாமை வந்தது: இவள் எப்படித் தன் தப்பைத் தானே தேடுகிறாள், எனக்கு மட்டும் ஏன் இது வரவில்லை? மூன்றாவது நாள் அஞ்சலை பள்ளிக்கு வந்தாள். வந்ததும், "டீச்சர், தவமணி எப்படி இருக்கா?" என்று கேட்டாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டதைப் பார்த்து, "என்னாலயா டீச்சர்? எங்கம்மாவுக்கு அன்னிக்கே காய்ச்சல்தான்" என்றாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என் தப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது.

நான்காவது நாள் காலையில் ஆபீஸுக்குப் போனேன்.

துரைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கிராணி பக்கத்தில் நின்றார். நான் சொன்னேன்: "அஞ்சலை வீட்டுல காய்ச்சல் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிக்கிட்டுப் போனேன். டிரெஸ்ஸர் கேட்டப்போ பொய் சொன்னேன்."

கிராணி என்மேல் பிரியம் உள்ளவர். அவர் இங்கிலீஷில் சொன்னது என்னுடையதைவிட ரொம்பச் சின்னதாக இருந்தது. துரை பரவாயில்லை என்பதுபோலக் கையசைத்தார். எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்ன சொன்னீங்க கிராணி ஐயா?"

"அந்தம்மாவுக்குப் பின்னால காய்ச்சல் வந்துச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லிருக்கேன். விடுங்க டீச்சர். வேல போயிரும்."

வெளியே போய்விடலாம். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கிராணி மாற்றிச் சொன்னதற்கு நானா பொறுப்பு? கதவுவரைகூடப் போனேன். பிறகு திரும்பி நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். "ஐ நோ, சார். பிஃபோர் மேட்ச், ஐ நோ. ஐ டெல் லை." பிலோமினாவின் இங்கிலீஷ் எனக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் கௌரவமாகச் சொல்லியிருக்கலாம் என்று அந்த நிமிடத்திலும் தோன்றியது. பொறாமை அவ்வளவு தூரம் போகும்.

வேலை போகவில்லை. எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. போட்டிப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். துரைமார்கள் போனில் பேசிக்கொண்டார்கள். பொறுப்பு மறுபடியும் பிலோமினாவிடம் போனது. டிரெஸ்ஸர் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

சில வாரங்களில் காய்ச்சல் தணிந்தது. தவமணி பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு மத்தியானம் பிலோமினா எங்கள் பள்ளிக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தவமணி பொழச்சதாலதான் வந்திருக்கேன். இல்லன்னா வந்திருக்க மாட்டேன். அதை முதல்ல சொல்லிடறேன்."

"சரி."

"ஏன் அப்படிச் செஞ்ச?"

பதினைந்து வருடக் கதையைச் சொல்லியிருக்கலாம். "உன்ன எனக்குப் பிடிக்காது. எல்லாம் உனக்குக் கிடைக்குது" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"இறுதி ஆட்டம் வைக்கப் போறோம். உன் டீமும் என் டீமும்தான். நெத்தி தொட்டுப் பாக்கற வேலைய நீ செய். ரெண்டு டீமுக்கும்."

"என்னையா?"

"ஒரு தடவ ஏமாத்துனவளுக்குத்தான் எங்க எங்க ஏமாத்தலாம்னு தெரியும். என் பிள்ளைங்களும் சும்மா இல்ல. காய்ச்சல மறைச்சுக்கிட்டு வரும். நீதான் கண்டுபிடிப்ப."

அவள் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும் பாதி, மன்னிக்கிற வாய்ப்பும் அவளுக்கே கிடைத்துவிட்டதே என்பதற்காக.

இறுதி ஆட்டம் மூன்றாவது தோட்டத்துத் திடலில் நடந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டாத தூரம் விட்டு வரிசையில் நின்றார்கள். நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டேன். எங்கள் அணியில் ஒரு பிள்ளை எச்சில் விழுங்கச் சிரமப்படுவதைப் பார்த்து நிறுத்தினேன். நிறுத்தினவர்களை எல்லாரிடமிருந்தும் தள்ளி, தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக உட்காரவைப்பது ஏற்பாடு. எட்டுப் பேரோடு ஆடுவோம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நேர்மையாகத்தான் செய்கிறேன் என்று என்மேல் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

ஆற்றங்கரை வரிசையில் கடைசியாகத் தவமணி நின்றாள். இன்னும் மெலிந்திருந்தாள். அவள் நெற்றியில் கையை வைத்தேன். சுட்டது.

கையை எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடியும் வைத்தேன். சுட்டது. சந்தேகமே இல்லை. உள்ளங்கை நன்றாக உணர்ந்தது.

"தவமணி ஆட முடியாது" என்றேன்.

பிலோமினா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும் வெளுத்தது. "நீ சொன்னா சரி" என்றாள். தவமணியிடம், "போம்மா, மரத்தடியில போயி உக்காரு" என்றாள். அந்தப் பிள்ளை மரத்தைப் பார்த்து நடந்தது.

அப்போதுதான் எனக்குள்ளே ஒன்று தெரிந்தது. ஒரு சந்தோஷம். சின்னதுதான். அவளுடைய பந்து போடுகிற பெண் போய்விட்டாள், இனி அஞ்சலையை யாரும் தடுக்க முடியாது என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷம், கையில் சூடு தெரிந்ததற்குப் பிறகு வந்ததா முன்னாலேயே இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

டிரெஸ்ஸர் திடலின் அந்தப் பக்கம் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரே ஒரு தெர்மோமீட்டர். அவசரத்துக்கு என்று வைத்திருந்தார். அவரிடம் போனேன்.

"அந்தப் பிள்ளைக்கு நீங்க ஒரு தடவ பாக்கணும்."

"நீங்கதான் பாத்துட்டீங்களே."

"என் கைய நம்ப முடியல."

அவர் என்னை ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தார். தெர்மோமீட்டரை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். தவமணியின் அக்குளில் வைத்தார், காத்திருந்தார், வெயிலில் தூக்கிப் பார்த்தார். உதறிவிட்டு மறுபடியும் வைத்தார்.

"காய்ச்சல் இல்ல" என்றார். "கொஞ்சம்கூட இல்ல. பிள்ளை ஆடலாம்."

நான் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். முதல் தடவை தெரிந்தே பொய் சொன்னேன். இந்தத் தடவை உண்மையாகவே எனக்குச் சுட்டது. அன்று என் பிள்ளை அஞ்சலையின் நெற்றி எனக்குக் குளிர்ந்தது, இப்போது பிலோமினாவின் பிள்ளை நெற்றி சுட்டது. பொறாமை மனசில் மட்டும் இருக்கிற விஷயம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது விரல்வரை இறங்கும். நோய்க் காலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிற நீங்கள் என்னென்ன விதி வேண்டுமானாலும் போடுங்கள். உங்களைவிட நல்ல விதி போடுகிறவர் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் யார்மேல் உங்களுக்கு எரிச்சல், யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை என்பதை முதலில் உங்களுக்கே ஒத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வரும்போது தெர்மோமீட்டரை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ போட்டிகள் நடத்தினேன். எனக்குப் பிடிக்காதவரைப் பற்றித் தனியாக ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. பிடிக்காதது போய்விட்டதா என்று கேட்காதீர்கள்.

தவமணி ஆடினாள். அஞ்சலைக்கு அவள் போட்ட பந்துகளில் இரண்டை மட்டும்தான் அஞ்சலையால் அடிக்க முடிந்தது. ஆற்றங்கரை ஜெயித்தது.

கோப்பை கொடுக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது தவமணி என்னிடம் வந்தாள். நான்கு அடி தள்ளியே நின்றாள். வியர்வை வழிந்துகொண்டிருந்தது, ஆனால் முகத்தில் ஜெயித்த பிள்ளையின் களை இல்லை.

"டீச்சர், எனக்கு மறுபடியும் காய்ச்சல் வந்துருச்சா?"

"இல்லம்மா. டிரெஸ்ஸர் பாத்துட்டாருல்ல?"

"நீங்க ரெண்டு தடவ தொட்டுப் பாத்துச் சுடுதுன்னு சொன்னீங்க. ஓடறப்போ எல்லாம் அதத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தேன். மறுபடியும் சிரம்பானுக்குக் கொண்டுபோயிருவாங்களோன்னு."

ஆட்டம் முழுக்க அந்தப் பிள்ளை அந்தப் பயத்தோடு பந்து போட்டிருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை.

"உனக்கு இல்லம்மா" என்றேன். "எனக்குத்தான் சரியில்ல. அதான் உன் நெத்தி சுட்ட மாதிரி தெரிஞ்சுது."

அவள் சட்டென்று இரண்டு அடி பின்னால் போனாள். சந்தேகத்தோடு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நீங்க இங்க நிக்கக் கூடாது டீச்சர்" என்றாள். "பிள்ளைங்க எல்லாம் இருக்கு. அங்க மரத்தடியில போயி உக்காருங்க."

நான் போய் உட்கார்ந்தேன். எச்சில் விழுங்கச் சிரமப்பட்ட என் பிள்ளை அங்கே தனியாக அழுதுகொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, துரையின் கையிலிருந்து பிலோமினா நான்காவது தடவையாகக் கோப்பையை வாங்குவதைப் பார்த்தேன். அங்கிருந்தே கைதட்டினேன்.